திரும்பத் திரும்ப ஒலிக்கும் டெக்னோ தட்டுகளைச் சலிக்காமல் இசைப்பது எப்படி?

டெக்னோ என்னும் மின்னணு நடன இசைக்கான இசைத்தட்டு ஒன்றை முதன்முதலாக வாங்கி வந்து, வீட்டில் தனியாக அமர்ந்து, தொடக்கம் முதல் முடிவு வரை கேட்கிறவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். கிக் டிரம் என்னும் கனத்த அடிமுரசு தொடங்கும். அரை நிமிடம் கழித்து ஹை-ஹாட் என்னும் ஜாலரா போன்ற உலோக ஒலி சேரும். இரண்டு மூன்று சுரங்களால் ஆன ஒரு சிறு துணுக்கு வரும். ஆறு நிமிடங்களுக்கு அதுவே சுழன்றுகொண்டிருந்துவிட்டு, சேர்ந்த ஒலிகள் ஒவ்வொன்றாக விலகி முடிந்துவிடும். பல்லவி இல்லை, சரணம் இல்லை, பெரும்பாலும் குரலும் இல்லை. “இதில் பாதியைக் காணோமே” என்று அவருக்குத் தோன்றினால் அவர் காது சரியாகவே வேலை செய்கிறது என்று பொருள். அந்தத் தட்டில் உண்மையிலேயே பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி இன்னொரு தட்டில் இருக்கிறது. அது எந்தத் தட்டு என்று தேர்ந்தெடுத்து, இரண்டையும் எந்த இடத்தில், எவ்வளவு நேரம் சேர்ந்து ஒலிக்க விடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு டிஜேயுடையது.

இரண்டு தட்டுகளை ஒரே வேகத்துக்குக் கொண்டுவரப் பழகிவிட்டு, வேகம் பொருந்திய பிறகும் தன் இசைக்கோவை கேட்க அலுப்பாக இருக்கிறதே என்று திகைத்து நிற்கும் தொடக்கநிலையாளரை மனத்தில் வைத்து இந்த விளக்கம் எழுதப்படுகிறது.

டெக்னோ அமெரிக்காவின் டெட்ராய்ட் வட்டாரத்தில் 1980-களில் உருவானது. அருகிலுள்ள பெல்வில் என்னும் சிற்றூரில் பள்ளித் தோழர்களாக இருந்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூவரின் பெயர்கள் அதன் தொடக்கத்தோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. அவர்களுடைய தொடக்ககாலத் தட்டுகள் பலவற்றில் மெட்டும் சுரக்கூட்டும் தாராளமாகவே இருந்தன. அடுத்த பத்தாண்டில் வந்தவர்கள்தாம் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்கள். அதே நகரைச் சேர்ந்த ராபர்ட் ஹூட் 1994இல் வெளியிட்ட ‘மினிமல் நேஷன்’ அந்தக் கழற்றலின் எல்லையைத் தொட்டது: கிக், ஹை-ஹாட், ஒரு குறுகிய சின்தசைஸர் துணுக்கு, அவ்வளவே. இவ்வகைத் தட்டுகளை டிஜேக்கள் ‘டூல்’, அதாவது கருவி, என்று அழைப்பதுண்டு. உளியைத் தனியாகப் பார்த்து “இதில் சிற்பம் எங்கே?” என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு தட்டில் எவ்வளவு திரும்ப வருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. நிமிடத்துக்கு 130 பீட் வேகத்தில் செல்லும் ஒரு தட்டில் நான்கு பீட் கொண்ட ஒரு பார் ஏறத்தாழ 1.85 வினாடிகளில் முடிந்துவிடுகிறது. ஆறு நிமிடத் தட்டில் 195 பார்கள் அடங்கும். ரோலண்ட் நிறுவனம் 1983இல் வெளியிட்ட டிஆர்-909 டிரம் இயந்திரம், ஒரு பாரைப் பதினாறு படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் எந்த ஒலி விழவேண்டும் என்று பொத்தான்களை அழுத்திக் குறித்துவிட்டால் அதையே நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டிருக்கும். டெக்னோவின் உடற்கூறு பெருமளவு இந்தப் பதினாறு படிகளிலிருந்து பிறந்ததுதான். ஆக, ஒரே பதினாறு படிகள் 195 முறை வருகின்றன.

இதன் உச்சநிலையைக் காண விரும்புகிறவர்கள் ‘லாக்டு குரூவ்’ பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண இசைத்தட்டில் ஊசி செல்லும் பள்ளம் வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுருளாகச் செல்லும். லாக்டு குரூவில் அந்தப் பள்ளம் தன்னைத் தானே சந்தித்து முழுவட்டமாக மூடிக்கொள்ளும். ஊசியை நாம் தூக்கும்வரை அதே ஒரு சுற்று ஒலித்துக்கொண்டே இருக்கும். பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியேர் ஷாஃபேர் 1948 வாக்கிலேயே இந்த உத்தியை இசைச் சோதனைகளுக்குப் பயன்படுத்தினார். டெட்ராய்ட்டின் ஜெஃப் மில்ஸ், தமது ஆக்சிஸ் நிறுவனத்தின் வழியாக 1994இல் வெளியிட்ட ‘சைக்கிள் 30’ என்னும் தட்டில் இத்தகைய மூடிய வட்டங்களை வரிசையாக வைத்தார். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 1.8 வினாடி ஆகும், அந்த 1.8 வினாடிக்குள் நான்கு பீட்களை அடக்கினால் வேகம் நிமிடத்துக்கு 133⅓ பீட் என்று வந்து நிற்கிறது. டெக்னோவின் இயல்பான வேகத்துக்குள் இந்த எண் கச்சிதமாக விழுவதை எண்ணி நான் இன்னும் வியப்பதுண்டு. தொடக்கமும் முடிவும் இல்லாத, 1.8 வினாடி மட்டுமே நீளமுள்ள ஓர் இசைத்துண்டைப் பணம் கொடுத்து வாங்கி மக்கள் ஆடினார்கள் என்றால், திரும்ப வருவதே சலிப்புக்குக் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

திரும்ப வரும் ஒலி நம் காதில் அப்படியே தங்கிவிடுவதில்லை என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. உளவியலாளர் டயானா டாய்ச், தாம் பதிவு செய்த ஒரு பேச்சிலிருந்து சில சொற்களை மட்டும் வெட்டிச் சுழல விட்டபோது, சிறிது நேரத்தில் அந்தப் பேச்சு பாட்டாகக் கேட்கத் தொடங்கியதை 1995இல் கண்டார். ஒலியில் எந்த மாற்றமும் இல்லை. கேட்கும் மனம் மட்டுமே மாறியிருந்தது. அதற்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன், 1965இல், ஸ்டீவ் ரைச் என்னும் இசையமைப்பாளர் ஒரு தெருப் பிரசங்கியின் குரல்துணுக்கை இரண்டு டேப் இயந்திரங்களில் ஒரே சமயத்தில் சுழல விட, இரண்டும் மெல்ல மெல்ல ஒன்றிலிருந்து ஒன்று நழுவி, எந்த டேப்பிலும் இல்லாத புதிய தாளக்கட்டுகள் காதில் விழுந்தன. அந்த நழுவலிலிருந்து ஒரு முழுப் படைப்பே உருவாயிற்று.

டெக்னோ டிஜேக்கு இந்த இரண்டு நிகழ்வுகளே பாடநூல். ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்பச் சுழலும் துணுக்கு, நீண்ட நேரம் ஓடும்போது, கேட்பவரின் உடல் கிக்கைத் தன்னிச்சையாகப் பற்றிக்கொள்கிறது. அதன்பின் காதுக்கு அந்தக் கிக்கின் மீது கவனம் வைக்கத் தேவையில்லாமல் போகிறது. விடுபட்ட கவனம் வேறு எதையாவது தேடி அலைகிறது: ஹை-ஹாட்டின் வால் நீள்வதை, சின்தசைஸர் ஒலி சற்றே கூர்மையாவதை, பின்னால் மங்கலாக ஒலிக்கும் ஓர் எதிரொலியை. ஒரு சாதாரணப் பாட்டில் யாருமே கவனிக்காத அணு அளவு மாற்றம் இங்கே பெரும் நிகழ்ச்சியாகிவிடுகிறது. ஆனால் இந்தத் தேடலுக்கு ஓர் எல்லை உண்டு. தேடிப் பார்த்தும் எதுவும் அகப்படாவிட்டால் கவனம் அறையை விட்டே வெளியேறும். அகப்படுவதற்கு முன்பே டிஜே வேறொன்றைத் தூக்கிக் காட்டினால் தேடும் இன்பம் கெட்டுவிடும். முன்னதற்கு அஞ்சிப் பின்னதைச் செய்வதே புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை. நானும் பல ஆண்டுகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அக்காலத்துப் பதிவுகளை இன்று கேட்டால், பேச்சின் நடுவே மூச்சு விடாமல் குறுக்கிடுகிற மனிதரோடு பயணம் செய்வது போல இருக்கிறது.

எது எதோடு சேரும்

தட்டுகளின் ஒலியைக் கலக்கும் கருவியான மிக்ஸரின் முன்னால் நிற்பதற்கு வெகு முன்பே, தட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போதே சலிப்பின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது. ஒரு தட்டை வாங்கியதும் அதில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டிலும் என்ன இல்லை என்பதைக் குறித்து வைத்துக்கொள்வது பயன் தரும். ஒரு தட்டில் கனமான கிக்கும் அதன் அடியில் நீளமாக முனகும் ஒரு பேஸ் ஒலியும் மட்டும் இருந்து, மேற்பகுதி வெறுமையாக இருக்கலாம். மற்றொன்றில் கிக் மெலிந்திருக்க, பீட்டுக்கும் பீட்டுக்கும் நடுவில் விழும் ஹை-ஹாட்டும் தகரத்தைத் தட்டினாற்போன்ற ஓர் உலோக ஒலியும் ஓங்கியிருக்கலாம். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே குறைபட்டவை. சேர்த்து ஓட விட்டால் மூன்றாவதாக ஒரு தட்டு பிறக்கிறது, அது கடையில் கிடைக்காது. மாறாக, எல்லாம் நிறைந்த இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இரைச்சல் மிஞ்சுமே தவிர இடம் மிஞ்சாது. தனியே கேட்கும்போது மனத்தை அள்ளும் தட்டுகள் டிஜேயின் பையில் பெரும்பாலும் முரண்டு பிடிப்பதும், மூன்று நிமிடத்துக்கு மேல் பொறுமையாகக் கேட்கவே முடியாத தட்டுகள் எங்கே வைத்தாலும் பொருந்திப் போவதும் இதனால்தான்.

சேர்க்கைக்கு மூன்று நோக்கில் காது கொடுக்க வேண்டும். முதலாவது, ஒலியின் உயரம்: அடியொலி, நடுவொலி, மேலொலி ஆகிய மூன்றில் ஒவ்வொரு தட்டும் எதை நிரப்புகிறது என்பது. இரண்டாவது, அழுத்தம் விழும் இடம்: பதினாறு படிகளில் ஒன்றின் துணுக்கு எங்கே இடம் விட்டிருக்கிறதோ அங்கே மற்றதன் துணுக்கு வந்து விழுந்தால் இரண்டும் கேள்வியும் பதிலும் போல அமைந்துவிடும்; இரண்டும் ஒரே படியில் மோதினால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும்.

மூன்றாவது நோக்கு சுழற்சியின் நீளம். என் கணிப்பில் இதுவே மிகவும் வளமானது, மிகவும் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுவே. டெக்னோ தட்டுகளில் எல்லாத் துணுக்குகளும் பதினாறு படிகளில் முடிவதில்லை. கிக் நான்கு பீட் கணக்கில் செல்ல, அதன்மீது மூன்று பீட் நீளமுள்ள ஒரு துணுக்கு சுழன்றால், இரண்டும் மீண்டும் ஒன்றாகத் தொடங்குவது பன்னிரண்டு பீட் கழித்துத்தான், அதாவது மூன்று பார் கழித்து. பதினாறு படிச் சுழற்சியின் மீது ஐந்து படித் துணுக்கு ஒன்று ஓடினால் அவை சந்திக்க எண்பது படிகள், அதாவது ஐந்து பார்கள் ஆகும். 130 வேகத்தில் இது ஒன்பது வினாடிக்குச் சற்று அதிகம். ஆதி தாளத்தின் மீது மிஸ்ரக் கணக்கொன்று ஓடிச் சமத்தில் வந்து விழுவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஆனால் அங்கே சந்திப்பைத் தீர்மானமாக உணர்த்திக் கைதட்டல் வாங்குவார்கள், டெக்னோவில் சந்திப்பு சத்தமில்லாமல் கடந்து போகும். இப்படி ஒற்றைப்படையில் சுழலும் தட்டு ஒன்றை நேரான தட்டின் மீது வைத்துவிட்டால் டிஜே ஏறக்குறைய எதையும் செய்யாமலேயே, ஒவ்வொரு பாரும் முந்தைய பாரிலிருந்து வேறுபட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே தட்டுறையின் மேல் வேகத்தை எழுதி வைப்பதோடு துணுக்கின் நீளத்தையும் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

இன்னொரு வகையும் உண்டு: சுரமோ தாளமோ மாறாமல் ஒலியின் நிறம் மட்டும் ஓயாமல் மாறும் தட்டுகள். பெர்லினில் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் மார்க் எர்னெஸ்டுஸும் 1993 முதல் ‘பேசிக் சேனல்’ என்ற பெயரில் வெளியிட்ட தட்டுகள் இதற்குச் சிறந்த சான்று. சுரக்கூட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் ஃபில்டரும் எதிரொலி எழுப்பும் டிலேயும் அதை நிமிடக்கணக்கில் திறந்தும் மூடியும் நிறம் மாற்றிக்கொண்டிருக்கும். இவற்றோடு இசைக்கும்போது டிஜே கையைக் கட்டிக்கொண்டு நிற்பது உத்தமம், ஏனென்றால் அசைவு தட்டுக்குள்ளேயே இருக்கிறது.

மிக்ஸரின் முன்னால்

இரண்டு தட்டுகளையும் நீண்ட நேரம் சேர்த்து ஓட விடுவதே இங்கே அடிப்படை உத்தி என்பதால், வேகப் பொருத்தம் சாதாரண அளவில் இருந்தால் போதாது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2 என்னும் புகழ்பெற்ற டர்ன்டேபிள், 1979 முதலே தட்டின் வேகத்தை 8 விழுக்காடு கூட்டவும் குறைக்கவும் வசதி தந்திருக்கிறது. 130 வேகத் தட்டை அதைக் கொண்டு ஏறத்தாழ 120-க்கும் 140-க்கும் இடையில் எங்கும் நிறுத்தலாம். நிறுத்திவிட்டோம் என்று நம்பும்போது, ஒரு தட்டு 130-இலும் மற்றது 130.1-இலும் சென்றால், ஒரே நிமிடத்தில் இரண்டும் ஏறத்தாழ 46 மில்லிவினாடி விலகிவிடும். குறுகிய கலவையில் இது தெரியாது. மூன்று நிமிடக் கலவையில் குதிரைக் குளம்பு போலக் கேட்கும். ஆகவே விரல் தட்டின் விளிம்பை விட்டு வெகுதூரம் போகக் கூடாது.

அடுத்தது அடியொலி. இரண்டு கிக்குகளை முழு வலிமையோடு ஒன்றாக ஒலிக்க விடக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். காரணத்தைச் சொல்பவர்கள் குறைவு. கிக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இருந்தால் அதன் ஓர் அலைவுக்கு 20 மில்லிவினாடி ஆகும். இரண்டாவது கிக் 10 மில்லிவினாடி மட்டும் பிந்தினால், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இவ்வளவு சிறிய இடைவெளியில் இரண்டு அடிகளைக் காது பிரித்துக் கேட்பது கடினம். “கிக் திடீரென்று மெலிந்துவிட்டதே” என்றுதான் தோன்றும். அதனால் ஒரு சமயத்தில் ஒரு தட்டின் அடியொலியை மட்டும் திறந்து வைத்து, மற்றதை, மிக்ஸரில் அடி, நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் முழுவதும் மூடிவிடுகிறோம். எந்த நொடியில் இந்தப் பொறுப்பு ஒன்றிலிருந்து மற்றதற்குக் கைமாறுகிறதோ, அந்த நொடியைக் கேட்பவர் வயிற்றில் உணர்வார். ஒரே துணுக்குகள் ஓடிக்கொண்டிருக்க அடித்தளம் மட்டும் மாறுவது, விளக்கை இடம் மாற்றி வைத்ததும் அதே அறை வேறாகத் தெரிவதைப் போன்றது.

இந்தக் கைமாற்றத்தை எங்கே செய்வது? பெரும்பாலான தட்டுகள் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு பார்களுக்கு ஒருமுறை எதையாவது சேர்க்கும் அல்லது நீக்கும். 130 வேகத்தில் பதினாறு பார் ஏறத்தாழ அரை நிமிடம். முப்பத்திரண்டு பார் ஏறத்தாழ ஒரு நிமிடம். இரண்டு தட்டுகளின் இந்தப் பகுப்புகளை ஒன்றோடொன்று பொருத்தி, பகுப்பின் தொடக்கத்தில் அடியொலியை மாற்றினால் எல்லாம் இயல்பாக அமையும். தொடக்கநிலையில் இதைப் பிசகாமல் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு மணி நேரம் முழுவதும் ஒவ்வொரு முறையும் பகுப்பின் முதல் பீட்டிலேயே மாற்றினால், ஆடுபவர்கள் அடுத்த மாற்றத்தை நொடி பிசகாமல் முன்கூட்டியே உணர்ந்துவிடுவார்கள். துணுக்கு சுழல்வதை விட இந்த ஒழுங்கு சீக்கிரம் சலிக்கும். சில சமயம் எட்டுப் பார் முன்பாகவே மாற்றிவிடலாம். சில சமயம் எல்லோரும் எதிர்பார்க்கும் இடத்தைத் தாண்டிச் செல்ல விட்டு, அவர்கள் எதிர்பார்ப்பைக் கைவிட்ட பிறகு மாற்றலாம்.

ஈக்யூவின் பேஸ் குமிழைத் தேவையில்லாமல் மூடித் திறப்பது ஒரு தொற்றுநோய். நான்கு பார் மூடிவிட்டுத் திறந்தால் கூட்டம் கத்துகிறது என்று கண்டுகொண்டதும் புதியவரின் கை அந்தக் குமிழை விட்டு விலகுவதே இல்லை. அதன் வலிமை அதை அரிதாகப் பயன்படுத்துவதில் இருக்கிறது என்பதை மூன்றாவது முறை திறக்கும்போதே அறையில் உணரலாம். அதைக் காட்டிலும் பயன்தரும் இடம் நடுவொலி. ஆலன் அண்ட் ஹீத் நிறுவனத்தின் எக்ஸோன்:92 போன்ற மிக்ஸர்களில் நடுவொலியே இரண்டு குமிழ்களாகப் பிரிந்திருப்பதால், ஒரு துணுக்கின் உடலை விட்டுவிட்டு அதன் விளிம்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்கொணர முடியும். ஒரு நிமிடம் முழுவதும் எடுத்துக்கொண்டு ஒரு குமிழைக் கடிகார முள்ளைப் போலத் திருப்பினால், ஏதோ மாறியிருக்கிறது, எப்போது மாறியது என்று தெரியவில்லை என்ற நிலை கேட்பவருக்கு உண்டாகிறது. மாறியது தட்டா, தன் காதா என்று அவர் ஐயுறும் அந்த நிலைக்காகவே இந்தத் தட்டுகள் செய்யப்பட்டிருக்கின்றன.

டிலே, ரிவெர்ப் முதலிய எஃபெக்ட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உப்பு எவ்வளவு என்று உப்பில்லாமல் சமைத்துப் பார்த்தவருக்கே தெரியும். முதல் ஆறு மாதம் அவற்றைத் தொடாமல் பழகுவது நல்லது.

ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டெக்குகளில் (தட்டு ஓட்டும் கருவிகளில்) ஓட விடுவது பழைய உத்தி, இன்றும் அது கைகொடுக்கிறது. ஒன்றை மற்றதிலிருந்து அரை பீட் தள்ளி வைத்தால் துணுக்கு தன்னோடு தானே உரையாடும். சில மில்லிவினாடி மட்டும் நழுவ விட்டால் தலைக்கு மேல் விமானம் கடந்து செல்வது போன்ற ஒரு சீறல் எழும். முன்பு இதற்கு ஒரே தட்டை இரண்டாக வாங்க வேண்டியிருந்தது. இன்று ஒரே கோப்பை இரண்டு டெக்கிலும் ஏற்றிவிடலாம்.

டிஜிட்டல் கருவிகள் தந்த பெரிய வசதி லூப் பொத்தான். ரிச்சி ஹாட்டின் என்னும் டிஜே 2001இல் வெளியிட்ட ‘டிஇ9: குளோசர் டு தி எடிட்’ என்னும் கலவைத் தட்டில், நூற்றுக்கும் மேற்பட்ட டெக்னோ தட்டுகளைச் சிறு சிறு சுழல்களாக வெட்டி, அவற்றைக் கணினியில் மீண்டும் அடுக்கி, எந்தத் தட்டு எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாத ஒரு தொடர்ச்சியை உருவாக்கிக் காட்டினார். இன்று அதே வேலையின் ஒரு பங்கைச் சாதாரண கிளப் கருவிகளில் அந்த நேரத்திலேயே செய்ய முடிகிறது. ஆயினும் லூப் பொத்தானை அழுத்தும் முன் ஓர் எச்சரிக்கை தேவை. மேலோட்டமாக மாறாதது போலத் தோன்றும் டெக்னோ தட்டுகள் பலவற்றில், அதை உருவாக்கியவர் பதிவின்போது ஃபில்டரில் கைவைத்து நுண்ணிய அசைவுகளைச் சேர்த்திருப்பார். நான்கு பாரை வெட்டிச் சுழல விடும்போது அந்த அசைவு செத்துவிடுகிறது. அசைவற்ற அந்த லூப்தான் உண்மையில் சலிப்பூட்டுவது. எனவே லூப் போடுவதானால் அதன் மீது அசைவுள்ள மற்றொரு தட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது லூப்பை விரைவில் விடுவிக்க வேண்டும். வேகத்தைத் தானாகவே பொருத்தித் தரும் சிங்க் பொத்தானை டிஜே பயன்படுத்தலாமா என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. அது விடுவித்த கைகள் காதுக்கு உதவுகின்றனவா, இல்லை சும்மா இருக்க முடியாமல் குமிழ்களை நோண்டுகின்றனவா என்பதையே கவனிப்பேன்.

நீண்ட நேரக் கணக்கு

இதுவரை சொன்னவை எல்லாம் வினாடி, நிமிட அளவிலான மாற்றங்கள். ஒரு மணி, இரண்டு மணி அளவிலும் மாற்றம் வேண்டும். அதற்கு இரண்டு நேர் எதிரான வழிகள் உண்டு, இரண்டுக்கும் நல்ல முன்மாதிரிகளும் உண்டு.

முதல் வழி ஜெஃப் மில்ஸினுடையது. 1995 அக்டோபரில் தோக்கியோவின் லிக்விட் ரூம் கிளப்பில் அவர் இசைத்ததன் பதிவு அடுத்த ஆண்டு தட்டாக வெளிவந்தது. ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் அந்தப் பதிவில் முப்பதுக்கும் மேற்பட்ட தட்டுகள் வந்து போகின்றன. பல தட்டுகள் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. ஒவ்வொரு தட்டிலும் தனக்கு வேண்டிய அந்த ஒரு துணுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறார். இடையிடையே பீட்கள் நழுவுகின்றன, அவசரமாகச் சரிசெய்யப்படுகின்றன. கூட்டத்தின் கூச்சலும் பதிவில் கலந்திருக்கிறது. பிழைகளைத் துடைத்து வெளியிட்டிருந்தால் அந்தப் பதிவு இவ்வளவு காலம் பேசப்பட்டிருக்காது என்பது என் எண்ணம், ஏனென்றால் மாறாத துணுக்குகளுக்கு நடுவே ஒரு மனிதக் கை போராடிக்கொண்டிருப்பதை அந்த நழுவல்களில்தான் கேட்கிறோம்.

இரண்டாவது வழி, பெர்லினில் பழைய மின்நிலையக் கட்டடம் ஒன்றில் 2004 முதல் இயங்கிவரும் பெர்க்ஹைன் போன்ற கிளப்களோடு சேர்த்துப் பேசப்படுவது. அங்கே வார இறுதி சனிக்கிழமை இரவு தொடங்கித் திங்கள் காலை வரை நீள்கிறது. டிஜே ஒருவர் மணிக்கணக்கில் இசைக்கிறார். நேரம் தாராளமாக இருக்கும்போது ஒரு தட்டை முழுமையாக ஓட விடலாம், ஒரு கலவையைப் பல நிமிடங்களுக்கு நீட்டலாம், அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு வேகத்தை 128-இலிருந்து 132-க்கு யாரும் அறியாமல் ஏற்றலாம். முதல் மணியில் ஒலித்த ஒரு துணுக்கு மூன்றாம் மணியில் வேறொரு தட்டின் அடியில் மறுபடி தலைகாட்டும்போது, அதை அடையாளம் கண்டுகொள்கிறவர் முகம் மலர்வதை இருட்டிலும் பார்க்கலாம். ஒரே தட்டை ஓரிரவில் இரண்டு முறை இசைக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

ஒரு மணி நேரம் மட்டுமே கொடுக்கப்பட்ட புதியவர் இரண்டாவது வழியைப் பின்பற்ற முயன்று கூட்டத்தை உறங்க வைப்பதையும், வீட்டில் தனியாகப் பழகுகிறவர் மில்ஸைப் போலத் தாவ முயன்று எதையும் கேட்காமல் போவதையும் அடிக்கடி காண்கிறோம். எந்த வழியானாலும் அழுத்தம் எப்போதும் ஒரே அளவில் நிற்கக் கூடாது. ஹை-ஹாட் உரக்க ஒலிக்கும் தட்டுகளை அடுத்தடுத்து நான்கைந்து வைத்துவிட்டால், ஐந்தாவதில் மேலொலி காதுக்குத் தெரியாமலே போகிறது. அப்போது ஹை-ஹாட்டே இல்லாத ஒரு தட்டைப் பத்து நிமிடம் ஓட விட்டு, பிறகு மிகச் சாதாரணமான ஹை-ஹாட் ஒன்றைத் திறந்தாலும் அறை நிமிர்கிறது. ஒலியளவைக் கூட்டி இதே விளைவைப் பெற முயல்வது வீண். காது களைக்கும், மிக்ஸரின் சிவப்பு விளக்கு எரியும்.

பழகுவதற்கு எளிய முறை ஒன்று உண்டு. மூன்றே மூன்று தட்டுகளை எடுத்துக்கொண்டு, எஃபெக்ட் எதையும் தொடாமல், ஒரு மணி நேரம் இசைத்து அதைப் பதிவு செய்ய வேண்டும். முதல் இருபது நிமிடத்தில் தெரிந்த எல்லா வித்தையும் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் பயிற்சி தொடங்குகிறது. எந்தச் சேர்க்கையில் எந்தத் துணுக்கு மேலே வருகிறது, எது எதை விழுங்குகிறது, ஒரே ஜோடியை இடம் மாற்றித் தொடங்கினால் என்ன ஆகிறது என்பதை அந்த வறுமை கற்றுக்கொடுக்கும். மறுநாள் அந்தப் பதிவை மேசையின் முன் அமர்ந்து கேட்காமல், நடந்துகொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ கேட்டு, மனம் முதன்முதலாக வேறு எதையோ நினைக்கத் தொடங்கிய நிமிடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து இரண்டு நிமிடம் பின்னோக்கிச் சென்று கேட்டால், என் அனுபவத்தில், கை பொறுமையிழந்து எதையோ திருப்பியிருப்பது பாதி நேரம் தெரியவரும். மீதிப் பாதி நேரம், நிரம்பிய இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று மூடிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். முதலாவது நடந்திருந்தால் அந்தத் திருப்பலைச் செய்யாமலும், இரண்டாவது நடந்திருந்தால் இரண்டில் ஒன்றின் நடுவொலியைப் பாதி மூடியும், அதே மூன்று தட்டுகளை மீண்டும் ஒரு மணி நேரம் இசைத்துப் பதிவு செய்து பார்க்கலாம்.